முழுசாக எடுத்த கல்

ஊசி மருந்து வரும் சின்னக் கண்ணாடிப் புட்டி அது. மேலே ரப்பர் மூடி. உள்ளே ஒரு கல். சுண்டைக்காய் அளவு இருக்கும், கறுப்பும் பழுப்பும் கலந்த நிறம், ஒரு பக்கம் கொஞ்சம் மழுங்கியிருக்கும். சித்தூரைத் தாண்டி, குடிபாலாவுக்குப் பக்கத்தில் என் தங்கை வீட்டில், அவள் புருஷன் ஆர்மோனியப் பெட்டி வைக்கிற பலகைக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் அது பல வருஷம் இருந்தது. வருகிறவர்கள் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. அவர்கள் குலுக்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்பாண்டை போய்விடுவேன். அந்தப் புட்டியை வெந்நீரில் கழுவித் துடைத்துக் கொடுத்தது நான்தான். அதனாலும் எனக்கு ஆகாது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அம்மா போனபோது தங்கைக்கு ஒன்றரை வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் டீச்சர் திட்டுவார்கள் என்று நானாகவே நின்றுவிட்டேன். நைனா சித்தூரில் மர மண்டியில் மூட்டை தூக்கினார். தங்கை என் கையில் வளர்ந்தாள். நன்றாகப் படித்தாள். டீச்சர் டிரெயினிங் முடித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். அதற்கு நடுவிலேயே எனக்குக் கல்யாணம் நடந்து, அது நிலைக்காமல் போய், கைக்குழந்தையான மகனோடு நான் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் பிரசவ வார்டு, பிறகு ஆபரேஷன் தியேட்டர், அப்புறம் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிற ரூம். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கேட்டால் பதில் தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அந்த ரூமுக்கு அப்படிப்பட்டவள்தான் வசதி என்று என்னைப் போட்டார்களோ என்னவோ. கறுப்புக் குழாயை ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், கண்ணை எரிக்கிற மருந்துத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், நோயாளியின் தலையைப் பிடித்துக்கொண்டு வாயில் வழிகிற எச்சிலைத் துடைக்க வேண்டும். பேச வேண்டிய வேலை ஒன்றும் இல்லை.

அங்கே பெரிய டாக்டர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கீழே புதிதாக வந்த சின்ன டாக்டர். தெலுங்குக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். பித்தக் குழாயில் கல் அடைத்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு முன்பெல்லாம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள். இந்தக் குழாய் வந்த பிறகு வாய் வழியாகவே உள்ளே போய், பித்தம் குடலில் வந்து விழுகிற இடத்தைக் கம்பியால் வெட்டி அகலமாக்கிக் கல்லை இழுத்துவிடுவார்கள். பெரிய டாக்டர் அப்படித்தான் செய்வார். கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். சின்ன டாக்டருக்கு மட்டும் அந்த வெட்டு பிடிக்காது. வயதானவர்கள் என்றால் வெட்டுவார். சின்ன வயசுக்காரர்கள் என்றால் யோசிப்பார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்து, பித்தக் குழாயின் அந்த வாயைத் தளர வைத்து, மெல்லிய பலூன் ஒன்றை உள்ளே விட்டு ஊதி, கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, கல்லை உள்ளேயே நசுக்கித் தூளாக்கிக் கழுவி இறக்குவார். ஒன்றரை மணி நேரம் ஆகும். முதுகு ஒடிந்துபோகும் அவருக்கு. "ஏன் சார் இவ்ளோ நேரம்" என்று சிஸ்டர்கள் முணுமுணுப்பார்கள்.

ஒரு நாள் குழாயில் இன்னொருவரும் கண் வைத்துப் பார்க்கிற பாகத்தை மாட்டி, "இதர் ஆவோ, சூடம்மா", இங்கே வந்து பார் என்று, எந்த மொழி என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். பார்த்தேன். இளஞ்சிவப்பாகக் குடல் சுவர். அதில் சின்னதாக ஒரு மொட்டு, கைக்குழந்தை உதட்டைக் குவித்தது போல. நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அது தானாகத் திறந்தது, பச்சை மஞ்சளாக ஒரு சொட்டு விட்டது, மறுபடியும் மூடிக்கொண்டது. யாரும் சொல்லாமல் அது தன் வேலையைச் செய்துகொண்டு இருந்தது. "இதைப் போய் வெட்டறாங்களே" என்றார் டாக்டர், யாருக்கும் இல்லாமல் தனக்குத்தானே. அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது மறக்கவில்லை. மற்றவர்கள் நாலு இங்கிலீஷ் எழுத்தில் பேர் வைத்துச் சொல்கிற அந்த வைத்தியத்தில் எது காப்பாற்ற வேண்டியது என்று நான் என் கண்ணால் பார்த்தவள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் இருந்தேன் என்று பின்னால் நான் சொல்லிக்கொள்ள முடியாது.

தங்கையின் புருஷன் உபதேசியார். சபைக்குப் பாஸ்டர் மாதம் ஒரு தரம்தான் வருவார், மற்ற நாளெல்லாம் இவர்தான். சைக்கிளில் ஊர் ஊராகப் போவார், ஜெபம் பண்ணுவார், நன்றாகப் பாடுவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் சபையில் ஒரு பழக்கம் இருந்தது. வேறு எங்கேயும் நான் அதைப் பார்த்ததில்லை. நோய் தீர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாட்சி சொல்லுவார்கள், அது எல்லாச் சபையிலும் உண்டு. இங்கே கையில் அத்தாட்சியும் கொண்டுவர வேண்டும். எப்போதோ ஒரு பெரியவர் ஆபரேஷனில் எடுத்த தன் மூத்திரக் கல்லைப் புட்டியில் போட்டுக்கொண்டு வந்து காட்டினாராம். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. காசு முழுங்கின பையனின் தாய் அந்தக் காசைக் கொண்டுவந்து காட்டினாள். ஒருத்தர் பிடுங்கின பல்லைக் காட்டினார். அன்றைக்குத் தங்கை என் காதில், "நல்லவேளைக்கா, மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கினவரு யாரும் இன்னும் வரல" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

தங்கைக்கு இருபத்தெட்டு வயதில் கல் அடைத்துக்கொண்டது. சித்தூரிலிருந்து பஸ்ஸில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சந்திரகிரி தாண்டும்போது குளிர் கண்டு பல்லெல்லாம் அடித்துக்கொண்டதாம். நான் வாசலில் பார்த்தபோது எலுமிச்சை நிறத்தில் இருந்தாள். "உன் ரூமுக்கே வந்துட்டேன் பாருக்கா" என்றாள். இரண்டு நாள் ஊசி போட்டுக் காய்ச்சலைக் கொஞ்சம் இறக்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் சின்ன டாக்டர் உபதேசியாரைக் கூப்பிட்டார். வெளி வராந்தாவில் நின்றார்கள். நான் துவாலை மூட்டையோடு பக்கத்தில் நின்றேன். தங்கை பத்தடி தூரத்தில் தள்ளுவண்டியில் படுத்திருந்தாள். முழிப்பாகத்தான் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. இதை நான் எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்காது. வயிறு அவளுடையது, கல் அவளுடையது, பத்தடியில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள், ஒருத்தரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஐயா, கொஞ்சம் வினண்டி, கேளுங்க" என்று ஆரம்பித்தார் டாக்டர். "ஒரே கல்லு. உள்ளயே நசுக்கிடலாம். குழாயோட வாயை வெட்டாம, விரிச்சு, தூளை இறக்கிடறேன்."

"தூளாக்கிட்டா நான் இன்னாத்த டாக்டர் காட்றது?" என்றார் உபதேசியார்.

"யாருக்குக் காட்டணும்?"

"சபைக்கு. நாப்பது குடும்பம் சோறு துன்னாம உபவாசம் இருந்து ஜெபம் பண்ணிக்கினு இருக்குது. கல்லு போயிடுச்சுன்னு வெறும் வாயால சொன்னா போதுமா? சுத்தி இருக்கற ஊருங்கள்ல இருந்தெல்லாம் வருவாங்க. கண்ணால பாக்கணும்."

"நீங்க சைக்கிள்லதானே போறீங்க?" என்றார் டாக்டர். "ட்யூப்ல வால்வு ரப்பர் இருக்குதே. காத்து உள்ள போவும், திரும்பி வராது. அதை அறுத்துட்டா?"

"புது ரப்பர் போடுவேன்."

"இதுக்குப் புது ரப்பர் எந்தக் கடையிலயும் லேது ஐயா. அறுத்துட்டா பித்தக் குழாய் திறந்தே கிடக்கும். குடல்ல இருக்கற அழுக்கு மேல ஏறும். சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்குக் காய்ச்சல் வந்துகினே இருக்கும், திரும்பக் கல்லு வரும். விரிக்கறதுலயும் ஆபத்து உண்டு, நான் மறைக்கல, கணையம் வீங்கலாம். ஆனா வயசு பாருங்க. இந்த அம்மாவுக்கு அந்தக் கதவு இன்னும் நாப்பது அம்பது வருசம் வேணும்."

"மனுசி சைக்கிளா டாக்டர்?" என்று உபதேசியார் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பெரிய டாக்டரு வெட்டித்தானே எடுக்கறாரு? எல்லாரும் நல்லா நடந்து போறாங்களே. முழுசா எடுத்துக் குடுக்கறதா இருந்தா கையெழுத்து போடறேன். இல்லன்னா இப்பவே வேலூருக்குக் கூட்டிக்கினு போறேன்."

காய்ச்சல் திரும்ப ஏறிக்கொண்டு இருந்தது. இன்னொரு பஸ் பயணம் அவள் தாங்க மாட்டாள் என்று டாக்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நுவ்வு செப்பம்மா. நீ சொல்லு. அக்கா ஆச்சே நீ. ரூம்ல எத்தனை பேரைப் பாத்திருக்கே."

நான் என் கையிலிருந்த துவாலையைப் பார்த்தேன். ஓரத்தில் ஆஸ்பத்திரியின் நீல முத்திரை அழிந்திருந்தது. சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டையில் இருந்தது. அந்த மொட்டு திறந்து மூடியதைச் சொல்லியிருக்கலாம். வெட்டாதீங்க என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். உபதேசியாருக்குப் பிடிக்காமல் போனால் தங்கையின் வாழ்க்கையில் என்ன ஆகுமோ, ஆயா எல்லாம் பேச வந்துவிட்டாள் என்று சிஸ்டர் என்ன சொல்லுவாளோ என்று பயந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அதெல்லாம் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் பெருமூச்சு விட்டு, "சரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உபதேசியார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கீழே கோடு இருக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்த டாக்டர் மேலேயும் எனக்குக் கோபம் உண்டு. நல்லவர்தான். எல்லாம் தெரிந்தவர்தான். ஆனால் அவரும்தானே பத்தடி நடந்து போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? புருஷனைக் கேட்டார், அக்காவைக் கேட்டார். படித்த பெண், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவள், அவளை விட்டுவிட்டார். அவருக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும்தான் அன்றைக்குத் தோன்றவில்லை.

ரூமில் எக்ஸ்ரேக்காக ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு அவள் தலையைப் பிடித்தேன். மயக்க ஊசியிலும் என் விரலை விடாமல் பிடித்திருந்தாள். டாக்டர் காலால் பெடலை மிதித்தார். கரண்டு போகிற சத்தம் வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது. முழுக்கல் வெளியே வர வேண்டும் என்பதால் அகலமாக வெட்ட வேண்டியிருந்தது. ரத்தம் கசிந்தது. அது நிற்கிற வரைக்கும் டாக்டர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது, துடைத்துவிட்டேன். கடைசியில் கம்பிக் கூடைக்குள் கல்லைப் பிடித்து, குழாயோடு சேர்த்து வாய் வழியாக வெளியே இழுத்து, ஒரு துணியில் வைத்து என் கையில் கொடுத்தார். "நீ மரிதிகி இவ்வு" என்றார். உன் வீட்டு மாப்பிள்ளையிடம் கொடு என்று அர்த்தம். நான் கழுவினேன். புட்டியைத் தேடி எடுத்து அதையும் கழுவினேன்.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை சாட்சி. நான் கடைசியில் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தேன். தங்கையை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவள் இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மீதியை உபதேசியார் சொன்னார். புட்டியைத் தூக்கிப் பிடித்தார். கையிலிருந்து கைக்குப் போனது. ஒரு கிழவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இத்தினியூண்டா?" என்றார். அது உபதேசியாருக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்தடுத்த ஊர்களில் அவர் சொல்லச் சொல்லக் கல் வளர்ந்தது. விஜயபுரத்துப் பக்கம் போனபோது நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது என்று தங்கையே சொன்னாள். "காட்டும்போது மட்டும் உள்ளங்கையால மறைச்சிக்கினு காட்டறாருக்கா." அப்போதும் அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் நன்றாக இருந்தார்கள். அதை நான் மறைக்க முடியாது. மறு வருஷம் எலும்பு முறிவு வார்டில் ஒருத்தரைப் பார்த்தேன், பெரிய டாக்டர் வெட்டினவர்தான், கால் மட்டும்தான் கெட்டிருந்தது. என் தங்கை அந்தச் சில பேரில் ஒருத்தியாகிவிட்டாள். ஒன்றரை வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டு இருக்கும்போது குளிர் வந்து சாக்பீஸ் கையிலிருந்து உதிர்ந்தது. பிள்ளைகள் உட்காருகிற கோணிப்பைகளை எல்லாம் கொண்டுவந்து அவள் மேல் போட்டிருக்கிறார்கள். திருப்பதிக்குக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரேயில் பித்தக் குழாய் இருக்கிற இடத்தில் கறுப்பாகக் கிளை விட்டாற்போல் ஒரு கோடு. "குடல்ல இருந்து காத்து ஏறியிருக்குது" என்றார் ஒரு டாக்டர். சின்ன டாக்டர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். ஊசி போட்டார்கள், இறங்கியது. ஆறு மாதத்தில் மறுபடியும் வந்தது. அப்புறம் மழைக்காலத்தில் ஒரு தரம். லீவு எல்லாம் தீர்ந்துபோய்ப் பள்ளிக்கூட மேனேஜர் வேறு டீச்சரைப் போட்டுவிட்டார்.

புட்டி அதே இடத்தில் இருந்தது. அதை வைத்துக்கொண்டே உபதேசியார் சொன்னார், "இது சோதனை. அவளுக்கு விசுவாசம் கொறைஞ்சிபோச்சு." சொந்தப் பெண்டாட்டி கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கும்போது, அவள் காதில் படும்படி சொன்னார். நான் விசுவாசி. இன்றைக்கும் விசுவாசிதான். ஆண்டவர் அந்தக் கல்லைப் புட்டியில் போட்டுக் காட்டச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. அதை உபதேசியார் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று திருப்பதிக்குத் திரும்புகிற பஸ் முழுக்க எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் இரண்டு தரம் டிக்கெட் கேட்டும் காதில் விழவில்லை. சொன்னது பஸ்ஸில்தான். வீட்டில் சொல்லவில்லை.

நாலாம் தரம் வந்தபோது மறுபடியும் கல் சேர்ந்திருந்தது. இப்போது ரூமில் ஒரு டாக்டரம்மா. ஒரு சிஸ்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்து, "பேஷண்ட் புருஷன் யாரு?" என்று கூப்பிட்டாள். உபதேசியார் பெஞ்சிலிருந்து எழுந்தார். எழும்போதே சட்டைப் பைக்குக் கை போனது. எனக்கு அப்போது என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. காகிதத்தைச் சிஸ்டர் கையிலிருந்து நான் பிடுங்கினேன்.

"அவளுக்கே பேர் எழுதத் தெரியும்" என்றேன்.

சத்தமாக வந்துவிட்டது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அக்கா, ஆஸ்பத்திரி விசயத்துல நீங்க இன்னாத்துக்கு..." என்றார் உபதேசியார்.

"பதினெட்டு வருசமா இந்த ஆஸ்பத்திரியில பீயும் ரத்தமும் அள்றவ நான். நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். காகிதத்தைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் தலையணையை முதுகுக்கு வைக்கச் சொன்னாள். ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் இங்கிலீஷ். இரண்டையும் படித்தாள். பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் படிக்கிறது போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். குளிர் வந்து விரல் நகரும்போதெல்லாம் விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினாள். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். டாக்டரம்மாவே வந்துவிட்டார்.

"இதுல வெட்டறதுன்னு போட்டிருக்குதே மேடம், மறுபடியும் வாயை வெட்டுவீங்களா?" என்று தங்கை கேட்டாள்.

"வெட்டறதுக்கு அங்க ஒண்ணும் இல்லம்மா. ஏற்கெனவே முழுசா வெட்டியாச்சு. கல்லை மட்டும் இழுத்து விட்டுடுவேன்."

தங்கை காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "அன்னிக்கி வராந்தாவுல நீங்கல்லாம் நின்னு பேசினது எனக்குக் கேட்டுச்சுக்கா. சைக்கிள் ரப்பர்னு சொன்னது எல்லாம் கேட்டுச்சு. யாராவது ஒருத்தர் இப்படித் திரும்புவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

பிறகு பேனா கேட்டாள். டாக்டரம்மா கொடுத்தார். இனிஷியலோடு தன் முழுப் பெயரையும் எழுதி, கீழே தேதியும் போட்டாள். கையெழுத்து அந்தக் குளிரிலும் கோடு தாண்டவில்லை.

உபதேசியார் போய்ப் பல வருஷம் ஆகிறது. அடக்கத்தன்று எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். நான் கடைசியில் உட்கார்ந்து கேட்டேன். எனக்குக் கோபம் குறையவில்லை, அதை ஆண்டவரிடமே சொல்லிவிட்டேன். இப்போது என் மகனுக்குத் தெரிந்த ஒரு டாக்டர் சொல்கிறார், சின்ன வயசுக்காரர்களுக்கு வெட்டுவதா விரிப்பதா என்று இன்றைக்கும் யோசித்துத்தான் செய்கிறார்களாம், பேஷண்டிடம் கேட்டுத்தான் செய்கிறார்களாம். நல்லது. தங்கை சித்தூரில் தனியாக இருக்கிறாள். வருஷத்துக்கு இரண்டு தரம், சில வருஷம் மூன்று தரம், போன் வரும். "வந்துடுச்சுக்கா" என்பாள். பல் அடித்துக்கொள்கிற சத்தம் போனில் கேட்கும். நான் கம்பளியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவேன்.